ஒரு பிள்ளைச் சட்டமும் இரண்டாவது பிரசவமும்: பிறப்புக் கொள்கை தாயின் உடலுக்குள் வரும் வழி

2016 ஜனவரி 1ஆம் தேதி சீனாவில் ஒரு சட்டம் மாறியது. அன்று முதல் எந்தத் தம்பதியும் இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், அதற்காக அபராதம் கட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டு அங்கே ஏறத்தாழ 1.8 கோடிக் குழந்தைகள் பிறந்தன. ஆனால் பிரசவ வார்டுக்கு வந்த பெண்கள் சில ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களைப்போல இல்லை. வயது கூடியிருந்தது. பலருக்கு அடிவயிற்றில் பழைய சிசேரியன் தழும்பு இருந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் கருப்பைக்குள் கிடந்த கருத்தடை வளையத்தைச் சமீபத்தில்தான் எடுத்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

பிறப்புக் கொள்கை என்றாலே மக்கள்தொகைக் கணக்குதான் நம் பேச்சில் வரும். எத்தனை பேர் பிறப்பார்கள், வேலைக்கு ஆள் கிடைக்குமா, முதியவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்போம். ஒரு தாயின் கருப்பைச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறது என்பதுவரை அந்தக் கொள்கையின் கை நீளும் என்பது பேசப்படுவதே இல்லை. அது எப்படி நீள்கிறது என்பதை, உலகிலேயே பெரிய அளவில் இது நடந்த சீனாவை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

சட்டம் யாருக்கும் நேரடியாக நோய் கொடுப்பதில்லை. எந்த வயதுப் பெண்கள் கருவுறுகிறார்கள் என்பதை அது மாற்றும். முதல் பிரசவம் எப்படி நடந்தது, என்ன கருத்தடை செய்தார்கள், எத்தனை முறை கரு கலைந்தது என்பதன் வழியாகக் கருப்பையில் சில தடங்களை விட்டுவைக்கும். கர்ப்பத்தை வெளியே சொல்லி மருத்துவரிடம் போக முடியுமா, மறைக்க வேண்டுமா என்பதையும் அதுவே தீர்மானிக்கும். சிக்கல்கள் எல்லாம் இந்த மூன்று வாசல் வழியாகவே வருகின்றன.

முதலில் கொள்கையின் வரலாறு

ஒரு பிள்ளைச் சட்டத்துக்கு முன்பே, 1970களில், "தாமதமாக, இடைவெளிவிட்டு, குறைவாக" என்ற இயக்கம் சீனாவில் நடந்தது. திருமணத்தைத் தள்ளிப்போடு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மூன்று நான்கு ஆண்டு விடு, எண்ணிக்கையைக் குறை என்பதுதான் அது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6க்குச் சற்றுக் குறைவாக இருந்த பிள்ளைகள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 3க்கும் கீழே இறங்கிவிட்டன. பெரிய இறக்கம் ஒரு பிள்ளைச் சட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் அந்தச் சட்டத்தின் கணக்கில் எழுதுவது தவறு.

1980 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களுக்கு எழுதிய திறந்த மடலோடு ஒரு பிள்ளைக் கொள்கை நாடெங்கும் போனது. கிராமங்கள் பலவற்றில் முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெறலாம் என்ற விலக்கு பின்னால் வந்தது. 2013 இறுதியில், தம்பதியில் ஒருவர் வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவர் என்றால் இரண்டு பெறலாம் என்றார்கள். 2016 முதல் எல்லோருக்கும் இரண்டு. 2021இல் மூன்று.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் ஆறு முறை கருவுற்றால் ஆபத்தை ஆறு முறை சந்திக்கிறாள். இரண்டு முறை என்றால் இரண்டே முறை. ஐந்தாறு பிரசவம் கண்ட கருப்பை, குழந்தை பிறந்தபின் சரியாகச் சுருங்காமல் ரத்தத்தைக் கொட்டும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே பிரசவ எண்ணிக்கை குறைந்தது தாய்மாருக்கு உண்மையிலேயே நன்மை. ஆனால் சீனாவில் தாய் இறப்பு குறைந்ததற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. 1988இல் பாதிக்கும் குறைவான பிரசவங்களே மருத்துவமனையில் நடந்தன. 2008இல் அது 95 சதவீதத்தை நெருங்கியது. 2000க்குப் பிறகு ஏழைக் கிராமங்களில் மருத்துவமனைப் பிரசவத்துக்கு அரசே பணம் கொடுத்தது. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1990இல் 88.8 ஆக இருந்த தாய் இறப்பு 2000இல் 53 ஆகவும், 2015இல் 20.1 ஆகவும் இறங்கியது.

"ஒன்றுதானே, சிசேரியன் செய்துவிடலாம்"

இங்கேதான் கொள்கை கருப்பையைத் தொட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு பிரசவம் என்று ஆகிவிட்டால், சிசேரியன் பற்றிய கணக்கே மாறிவிடும். சிசேரியனின் பெரிய விலையை முதல் பிரசவத்தில் கட்ட வேண்டியதில்லை, அடுத்த பிரசவத்தில்தான் கட்ட வேண்டும். அடுத்தது கிடையாது என்று சட்டமே சொல்லும்போது அந்த விலை யார் கண்ணிலும் படாது. பிரசவ வலியைக் குறைக்கும் முதுகு ஊசி பெரும்பாலான இடங்களில் கிடைக்கவில்லை. அனுபவமுள்ள மருத்துவச்சிகள் குறைந்துபோனார்கள். ஒரே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் சண்டைக்கு வருமே என்று மருத்துவரும் பயந்தார். நல்ல நாள், நல்ல நேரம் பார்க்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை. அங்கே இன்னொரு கெடுவும் இருந்தது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்பதால், பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகக் கூடாதென்று ஆகஸ்டிலேயே அறுத்து எடுக்கச் சொன்னவர்களும் உண்டு.

2007-08இல் உலக சுகாதார நிறுவனம் ஆசிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கெடுப்பில், சீன மருத்துவமனைகளின் பிரசவங்களில் 46 சதவீதம் சிசேரியன். பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட பிரசவங்கள், மருத்துவக் காரணமே இல்லாமல் செய்யப்பட்ட சிசேரியன்.

பிறகு சட்டம் தளர்ந்தது. அந்தத் தழும்புகளோடு பெண்கள் திரும்பி வந்தார்கள். 438 மருத்துவமனைகளில் 2012 முதல் 2016 வரை நடந்த 68 லட்சம் பிரசவங்களை ஆராய்ந்தபோது, கருப்பையில் தழும்போடு பிரசவத்துக்கு வந்தவர்களின் பங்கு 9.8 சதவீதத்திலிருந்து 17.7 சதவீதமாக ஏறியிருந்தது. நான்கே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கு. அதே காலத்தில் மொத்த சிசேரியன் விகிதம் 45.3இலிருந்து 41.1 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாவது உண்டு என்று தெரிந்ததும், முதல் பிரசவத்தில் தேவையில்லாத சிசேரியனைத் தாயும் தவிர்த்தார், மருத்துவரும் தவிர்த்தார். ஆனால் முன்பே போட்ட தையலை எந்தச் சட்டமும் பிரிக்க முடியாது. 1999இல் எடுத்த முடிவின் பலன் 2016இல் அறுவை மேசைக்கு வந்தது. பிறப்புக் கொள்கையின் விளைவை ஐந்து வருடக் கணக்கில் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடவே படாது.

தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டினால்

இட்லித் தட்டில் துணி விரித்து மாவை ஊற்றினால், வெந்தபின் இட்லி முழுதாகக் கழன்று வரும். துணி ஒரு இடத்தில் கிழிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் இட்லி தட்டோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கருப்பைக்குள் நஞ்சுக்கொடி, அதாவது கருவுக்குத் தாயிடமிருந்து ஊட்டம் கொண்டுசேர்க்கும் உறுப்பு (சுருக்கமாக நஞ்சு), பதிவதும் ஏறக்குறைய இப்படித்தான். கருப்பையின் தசைக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு மென்படலம் இருக்கிறது. குழந்தை பிறந்து சில நிமிடங்களில் நஞ்சு கழன்று வருவது அந்தப் படலத்தால்தான். சிசேரியனில் அறுத்துத் தைத்த இடத்தில் அந்தப் படலம் பழையபடி வளர்வதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அங்கே போய்ப் பதிந்தால், அதன் வேர்கள் தசைக்குள்ளேயே இறங்கிவிடும். இன்னும் ஆழமாகப் போனால் கருப்பைச் சுவரைத் தாண்டி, முன்னால் இருக்கும் மூத்திரப்பையையும் பிடிக்கும்.

சிசேரியன் வெட்டு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போடப்படுகிறது. ஆகவே நஞ்சு கீழே, கருப்பை வாயை மூடியபடி பதியும்போதுதான் ஆபத்து உச்சத்துக்குப் போகிறது. அப்படி நஞ்சு கீழே இருக்கும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்பு சிசேரியனே ஆகாதவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு நஞ்சு தசையோடு ஒட்டியிருக்கும். ஒரு சிசேரியன் ஆனவர்களில் இது 11 சதவீதம், இரண்டு ஆனவர்களில் 40, மூன்று ஆனவர்களில் 61. சீன மருத்துவர்கள், பழைய தழும்பின்மேல் கீழிறங்கிப் பதிந்த நஞ்சுக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அதில் "கொடிய" என்ற சொல் சேர்ந்திருக்கிறது.

ஏன் அவ்வளவு பயம்? நிறைமாதத்தில் கருப்பைக்குள் ஒரு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் ஆறு லிட்டர் அளவுதான். சாதாரணப் பிரசவத்தில் நஞ்சு கழன்றதும் கருப்பைத் தசை கைமுட்டிபோல இறுகி, திறந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூடும். ஒட்டிக்கொண்ட நஞ்சைப் பலவந்தமாகப் பிய்த்தால் குழாய்கள் திறந்தபடியே நிற்கும். தசை அங்கே மெலிந்திருப்பதால் நெரிக்கவும் முடியாது. சில நிமிடங்களில் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் போய்விடும். ரத்தம் போகப்போக உறையும் சக்தியும் போய், ஊசி குத்திய துளையிலிருந்துகூடக் கசியத் தொடங்கும்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் கதையே வேறு. 34-35 வாரத்தில் நாள் குறிக்கிறார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக அதற்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். ரத்தம், பிளாஸ்மா, பிளேட்லெட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிறுநீரக அறுவை மருத்துவரும் அறைக்கு வருவார். நஞ்சு இல்லாத மேல்பகுதியில் வெட்டிக் குழந்தையை எடுத்து, தொப்புள்கொடியைக் கட்டி, நஞ்சைத் தொடாமல் அப்படியே விட்டுக் கருப்பையோடு சேர்த்து அகற்றுவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பான வழி. சீனாவில் கருப்பையைக் காப்பாற்றும் முறைகளையும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். பெருந்தமனிக்குள் பலூன் வைத்து ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டித் தைப்பது அவற்றில் ஒன்று. இதற்கெல்லாம் தேர்ந்த குழு வேண்டும். வட்டார மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபிறகு கண்டுபிடித்தால் எதற்கும் நேரம் இருக்காது.

தழும்பு தரும் மற்ற இரண்டு தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரு தழும்புக்குள்ளேயே பதிவது ஒன்று. சுமார் 2000 கர்ப்பத்தில் ஒன்று என்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஸ்கேனில் பிடிக்காவிட்டால் கருப்பை கிழியலாம். பிரசவ வலியின்போது தழும்பு பிரிவது மற்றது. கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு மட்டும் இருந்து, சுகப்பிரசவத்துக்கு முயன்றால், இது 200 பேரில் ஒருவர் என்ற அளவில் நடக்கும். அப்படி முயல்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மேலிருந்து கீழாக நீள வெட்டுப் போட்டிருந்தால் முயலவே கூடாது. மிசோபிரஸ்டால் மாத்திரை வைத்து வலி வரவழைப்பதும் தழும்புள்ள கருப்பைக்கு ஆகாது.

வளையமும் கலைப்பும்

ஒரு பிள்ளைக் காலத்தின் நடைமுறை விதி எளிமையானது. ஒன்று பெற்றால் வளையம், இரண்டு பெற்றால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. பழைய சீன வளையம் மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வட்டமாக இணைத்தது. பார்க்கச் சிறிய நாணயம் அளவு. நம் ஊர்க் காப்பர் டியில் இரண்டு நூல் தொங்கும். வேண்டாமென்றால் செவிலியர் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். சீன வளையத்தில் நூல் வைக்கவில்லை. பெண்ணே போய்ச் சுலபமாக எடுத்துவிடக் கூடாது என்பதற்கு அந்த வடிவம் வசதியாக இருந்தது. எடுக்க வேண்டுமானால் கருப்பை வாயை விரித்து, கொக்கியை உள்ளே விட்டுத் தேடி இழுக்க வேண்டும். இருபது வருடம் உள்ளே இருந்த கம்பி தசைக்குள் புதைந்திருக்கும். மாதவிடாய் நின்றபின் கருப்பை சுருங்கிவிடுவதால் இன்னும் கடினம். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, வளையம் பாதியில் உடைந்து துண்டு உள்ளேயே தங்குவது எல்லாம் நடக்கும். 2016க்குப் பிறகு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. போட்டபோது ஒரு வார்த்தை கேட்காதவர்கள், எடுக்கும்போது செலவை ஏற்றதைப் பெரிய ஈடாக நினைக்க முடியவில்லை.

அனுமதி இல்லாத கர்ப்பங்கள் கலைக்கப்பட்டன. சில, வயிறு நன்றாகத் தெரிந்த மாதங்களில், பெண்ணின் விருப்பத்துக்கு எதிராக. அந்த மனக்காயத்தை எந்த ஸ்கேனும் காட்டாது. உடல் கணக்கை மட்டும் பார்த்தாலும், மீண்டும் மீண்டும் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது உட்படலத்தின் அடி அடுக்கே தேய்கிறது. பிறகு கரு பதிவது கடினம், பதிந்தால் நஞ்சு கீழே இறங்கவோ ஒட்டவோ வாய்ப்புக் கூடும். சிசேரியன் ஆகாதவருக்கும் தசையோடு நஞ்சு ஒட்டுவதற்கு இது ஒரு காரணம். சட்டப்படி, தூய்மையாக, தொடக்க வாரங்களில் மாத்திரையாலோ உறிஞ்சும் முறையாலோ செய்யும் கலைப்பில் இந்தச் சேதம் மிகக் குறைவு. கூரான கருவியால் பலமுறை சுரண்டுவதில்தான் தொல்லை.

ஒளிந்த கர்ப்பங்களுக்கு வேறு விதமான ஆபத்து. பதிவு செய்தால் அபராதமும் கலைப்பும் வரும் என்று பயந்த பெண், ரத்த அழுத்தம் பார்க்கப் போகமாட்டாள். உறவினர் வீட்டில் பதுங்குவாள், வீட்டிலேயே பெறுவாள். கடைசி நிமிடத்தில்தான் மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள். அனுமதி இல்லாத கர்ப்பம் கொண்ட பெண்களிடையே தாய் இறப்பு கூடுதலாக இருந்ததைச் சிச்சுவான் மாநிலத்தில் நடந்த ஆய்வு 1990களிலேயே காட்டியது. தண்டனையோடு வரும் எந்தப் பிறப்புக் கொள்கையும், மிக ஆபத்தான கர்ப்பங்களையே மருத்துவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

வயது

இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அனுமதி கிடைத்தபோது வயது 35, 38, 42 என்று ஆகியிருந்தது. 35 என்பது ஒரே நாளில் இடியும் மதில் ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றம் அங்கிருந்து செங்குத்தாகிறது. பிள்ளைக்கு டவுன் குறைபாடு (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு) வரும் வாய்ப்பு 30 வயதில் ஏறத்தாழ 900இல் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. பேறுகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சு கீழே பதிவது எல்லாமே வயதோடு கூடும். கரு கலைந்துபோவதும் கூடும்.

சர்க்கரைக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கிறார்கள். சீனாவில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்ற அளவுகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே பேறுகாலச் சர்க்கரைதான். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்களுக்கு வேறு முறை தெரிந்திருக்கும். சாப்பிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குடித்து இரண்டு மணி கழித்து ஒரே குத்து, 140ஐத் தொட்டால் சர்க்கரை. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா வளர்த்தெடுத்த முறை அது. வெறும் வயிற்றோடு பேருந்தில் வர முடியாத பெண்ணை மனத்தில் வைத்துச் செய்தது.

ரத்த அழுத்தம் 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தாண்டினால் கவனம், 160/110ஐத் தொட்டால் அவசரம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் வலிப்பு வரலாம் என்பதற்கான எச்சரிக்கை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 12 வாரம் முதல், 16க்குள் தொடங்கி, இரவில் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பது நல்ல பலன் தருகிறது. மருத்துவர் சொன்னால் மட்டும்.

2016இல் என்ன செய்தார்கள்

2016 முதல் பாதியில் சீனாவில் தாய் இறப்பு விகிதம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிடச் சுமார் 30 சதவீதம் ஏறியது. சட்டம் மாறிய வேகத்துக்குப் படுக்கையும் மருத்துவரும் மருத்துவச்சியும் பெருகவில்லை. அரசு பதறியது, ஆனால் அந்தப் பதற்றத்தைச் செயலாக்கியது. முதல் பரிசோதனையிலேயே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆபத்தைக் கணித்து, அவர் கையேட்டில் நிறம் குத்தும் முறை நாடு முழுக்க வந்தது. சிக்கல் இல்லாதவருக்குப் பச்சை, கொஞ்சம் கவனம் வேண்டியவருக்கு மஞ்சள், ஆபத்து கூடியவருக்கு ஆரஞ்சு, உயிருக்கே ஆபத்தானவருக்குச் சிவப்பு. தொற்றுநோய் உள்ளவருக்கு ஊதா. ஆரஞ்சும் சிவப்பும் பெற்றவர்களை அதற்குத் தகுந்த பெரிய மருத்துவமனையில் பதிந்து, தொடர்ந்து கண்காணித்தார்கள். மாவட்டந்தோறும் ஆபத்தான நிலையில் வரும் தாய்மாருக்கென்று மீட்பு மையங்களைக் குறித்தார்கள். ஒவ்வொரு தாய் இறப்பும் மேலே தெரிவிக்கப்பட்டு ஆராயப்பட்டது. வலி குறைக்கும் முதுகு ஊசியைப் பரப்பும் முன்னோட்டம் 2018இல் தொடங்கியது.

2016 முழு ஆண்டுக் கணக்கில் விகிதம் 19.9இல் நின்றது. 2020இல் 16.9, 2023இல் 15.1. ஆபத்தான கர்ப்பங்கள் பெருகியபோதும் இறப்பு பெருகவில்லை. ஆனால் உயிர் பிழைத்தவர்களில் கருப்பை இழந்தவர்கள், பத்து யூனிட் ரத்தம் ஏற்றியவர்கள், வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடந்தவர்கள் எல்லோரும் இந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். தாய் இறப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் கொள்கையின் விலையில் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் இதே கதி

பெறாதே என்று சொல்லும் சட்டம் மட்டும்தான் தாயைத் தொடும் என்று எண்ண வேண்டாம். 1966 அக்டோபரில் ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு 770ஆம் ஆணையால் கருக்கலைப்பைத் தடை செய்தது. 45 வயதைத் தாண்டியவர்கள், நான்கு பிள்ளை பெற்றவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கவில்லை. 1966இல் 2.74 லட்சமாக இருந்த பிறப்புகள் அடுத்த ஆண்டே 5.28 லட்சமாயின. அதற்குத் தயாரான பிரசவ வார்டு எங்கே இருக்கும்?

பிறப்புகள் சில ஆண்டில் மீண்டும் சரிந்தன. பெண்கள் கள்ளத்தனமாகக் கலைக்கத் தொடங்கியிருந்தார்கள். ரப்பர் குழாயும் கம்பியும் உள்ளே போயின. கருப்பை துளைபட்டது, சீழ் பிடித்தது, சிறுநீரகம் நின்றது. காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனால் விசாரணை வரும் என்று கடைசிவரை வீட்டில் கிடந்தார்கள். ஆணை வந்தபோது லட்சத்துக்கு 86 ஆக இருந்த தாய் இறப்பு 1989இல் 170ஐ எட்டியது. அவற்றில் 87 சதவீதம் கருக்கலைப்பால். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக அந்த ஆணையை ரத்து செய்தார்கள். ஒரே ஆண்டில் தாய் இறப்பு பாதியானது. ஒரு தாளில் எழுதிய வாசகம் மாறியதற்கும் பெண்கள் சாவது குறைந்ததற்கும் நடுவே இவ்வளவு குறுகிய தூரம் இருந்ததை மருத்துவ வரலாற்றில் வேறெங்கும் இத்தனை தெளிவாகக் காண்பது அரிது. சீனாவின் தழும்பு இருபது வருடம் கழித்துப் பேசியது. ருமேனியாவின் சீழ் அந்த வாரமே பேசியது.

தமிழ்நாட்டில் இதை ஏன் படிக்க வேண்டும்

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள். பிள்ளை குறைவு, தழும்பு அதிகம் என்பதில் நாம் 2010களின் சீனாவுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். இன்னொரு பக்கம், அதிகம் பெறுங்கள் என்ற பேச்சு தென்மாநில அரசியலில் கேட்கிறது. இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதியை ஆந்திரம் 2024 நவம்பரில் நீக்கியது. விதி நீங்கியது நல்லதே. ஆனால் மூன்றாவது பெறச் சொல்பவர்கள், இரண்டு சிசேரியன் ஆன கருப்பையிடம் மூன்றாவதைக் கேட்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். நஞ்சு கீழே பதிந்தவர்களுக்கென்று மேலே சொன்ன 40 சதவீதத்தை இன்னொரு முறை பாருங்கள்.

முன்பு சிசேரியன் ஆகி, அடுத்ததற்கு யோசிப்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே வெட்டு எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது, அறுவைக் குறிப்பில்தான் அது இருக்கும். வெட்டு குறுக்கா நீளமா, பக்கவாட்டில் கிழிந்ததா, எதற்காக சிசேரியன் ஆனது என்ற மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் விடுங்கள்.

கருவுற்றது தெரிந்ததும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், கரு தழும்பில் இல்லை என்று உறுதி செய்ய. 18-20 வார ஸ்கேனில் நஞ்சு எங்கே என்று எழுதச் சொல்லுங்கள். அப்போது கீழே இருப்பதாக வந்தாலும் பதற வேண்டாம், கருப்பை வளரும்போது பெரும்பாலும் அது மேலே போய்விடும். 32 வாரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் கருப்பை வாயிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால், முன்பக்கமாகத் தழும்பின்மேல் இருந்தால், ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை. சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. நஞ்சுக்குள் பூச்சி அரித்ததுபோல் ஓட்டைகள், நஞ்சுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கோடு மறைவது, மூத்திரப்பை ஓரத்தில் ரத்தக் குழாய்கள் குவிவது ஆகியவைதான் மருத்துவர் தேடும் அடையாளங்கள். இவை தெரிந்தால் ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பதிவை அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வலி வந்தபின் மாற்றுவது தாமதம்.

ஆறு, ஏழு மாதத்தில் வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் பட்டால், கொஞ்சம்தான், நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்கக் கூடாது. முதல் கசிவு சிறிதாக வந்து நிற்கும், அடுத்தது எச்சரிக்காமல் வரும். 108ஐ அழைத்துக் கிளம்புங்கள், ரத்த வகை எழுதிய தாளையும் ஸ்கேன் அறிக்கையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, முன்பு சிசேரியன் ஆனது, நஞ்சு கீழே இருப்பதாகச் சொன்னார்கள் என்பது. ஸ்கேன் பார்க்கும்வரை உள்பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கருப்பை வாயை மூடியிருக்கும் நஞ்சில் விரல் பட்டாலே அடங்கியிருந்த ரத்தம் பெருகிவிடும்.